நிறுவனர்களிடம் தமிழில் பேட்டி: மனப்பாடப் பேச்சைத் தாண்டி எப்படிப் பேச வைப்பது?

பாயான்பாரு_பெண் எழுதியது:

வணக்கம். வார நாட்களில் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேசிங் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமையானால் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். தொழில்நுட்பக் கம்பெனி ஆரம்பித்தவர்கள், நடத்துகிறவர்கள், பல நாடுகளில் கிளை வைத்திருக்கிறவர்கள், இவர்களைத் தமிழில் பேட்டி எடுத்துப் பதிவு செய்கிறேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, யாரும் காசு கொடுக்கவுமில்லை.

ஏன் ஆரம்பித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் ஆனந்த கிருஷ்ணன் மறைந்த செய்தி வந்த அன்று அப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். 1938-ல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்த பிள்ளை, மேக்சிஸ் கைத்தொலைபேசி, ஆஸ்ட்ரோ டி.வி., மியாசாட் செயற்கைக்கோள் என்று கட்டியவர். "அவர் எப்படிப் பேசுவார்னுகூட எனக்குத் தெரியாதேம்மா" என்றார் அப்பா. அன்று ராத்திரி ஒரு மணிவரை அவர் தமிழில் பேசிய பதிவு ஒன்றாவது கிடைக்குமா என்று தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை. பேட்டியிலிருந்து ஒதுங்கியே வாழ்ந்தவர், அது அவர் விருப்பம். ஆனால் இப்போது முப்பது, நாற்பது வயதில் கம்பெனி நடத்துகிற நம் ஆட்களின் குரலாவது இருக்கட்டுமே என்று தோன்றியது.

இதுவரை 7 பேர். ஆறு பேர் தமிழர்கள். ஒருவர் சீனர், தமிழ்ப்பள்ளிக்கு எதிர்வீட்டில் வளர்ந்தவர், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

பிரச்சினை இதுதான். உட்கார்ந்ததும் எல்லாரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள். "ஒரு பெயின் பாயிண்ட் பார்த்தோம், சொல்யூஷன் பில்ட் பண்ணினோம், ஸ்கேல் பண்ணினோம்." போன வாரப் பதிவு 48 நிமிடம். தட்டச்சு செய்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். 'எக்கோசிஸ்டம்' 19 தடவை வருகிறது. அவர் மனைவி பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் ரெக்கார்டரை அணைத்த பிறகு லிஃப்டுக்கு நடக்கும்போது சொன்னார், முதல் இரண்டு வருடம் வீட்டுச் செலவு முழுக்க மனைவியின் டீச்சர் சம்பளத்தில்தான் ஓடியது என்று. அதை உள்ளே உட்கார்ந்திருந்தபோது ஏன் சொல்லவில்லை? கேட்கத் தெரியாதது என் குறை என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று, பக்கத்திலேயே மார்க்கெட்டிங் ஆள் ஒருவர் உட்கார்ந்துகொள்கிறார். வாயைத் திறப்பதற்கு முன் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

வரும் சனிக்கிழமை முக்கியமான பேட்டி. கோலாலம்பூரில் இருக்கும் தமிழர் ஒருவர், மலேசியா, இந்தோனேசியா, வியட்நாம், இந்தியா என நான்கு நாடுகளில் வேலை. மீன், தடுப்பூசி மாதிரி குளிர்ச்சியிலேயே கொண்டுபோக வேண்டிய சரக்கு லாரிகளுக்குள் வெப்பநிலையைக் கண்காணிக்கிற கருவியும் மென்பொருளும் செய்கிறார். பிரிக்பீல்ட்ஸில் 75 நிமிடம் கொடுத்திருக்கிறார். காலையில் ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போய், அங்கிருந்து இ.டி.எஸ். ரயில். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். இன்னொரு 'எக்கோசிஸ்டம்' பேட்டியோடு திரும்பி வர எனக்கு மனசில்லை.

என்ன கேட்பீர்கள்? எப்படிக் கேட்பீர்கள்?

—

வானொலி_அக்கா எழுதியது:

மகளே, இருபத்தேழு வருடம் ஒலிவாங்கிக்குப் பின்னால் உட்கார்ந்தவள் சொல்கிறேன், குறை உன்னுடையது மட்டும் இல்லை. அவர்கள் அந்தக் கதையை முதலீட்டாளர்களிடம், வங்கியில், மாநாட்டு மேடையில் ஆங்கிலத்தில் நூறு தடவை சொல்லியிருப்பார்கள். நூறு தடவை சொன்ன கதை கூழாங்கல் மாதிரி வழுவழுப்பாகிவிடும்.

உன் கையில் ஒரு பெரிய வசதி இருப்பதை நீ கவனிக்கவில்லை. அந்தக் கதையை அவர்கள் தமிழில் ஒருதடவைகூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழில் அது இன்னும் தேயாத கல். அதனால்தான் ஆங்கிலத்துக்கு ஓடுகிறார்கள். ஓடவிடாதே. அதற்காக மொழித்தூய்மை பேசி அதட்டாதே, வாய் அடைத்துக்கொள்ளும். 'சர்வர்', 'சென்சார்' என்று பொருளுக்கு இருக்கிற பெயர்கள் இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு செயலை மூடி மறைக்கிற ஆங்கிலச் சொல் வரும்போது மட்டும் மெதுவாக, "அப்படின்னா என்னங்க செஞ்சீங்க?" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அவர் பேசாமல் இருந்தால் நீயும் பேசாதே. புதிதாக வருகிறவர்கள் அந்த இடத்தில் பயந்து அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவார்கள். பத்து நொடி மௌனம் காதுக்குப் பத்து நிமிடம் மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

மார்க்கெட்டிங் ஆளை வெளியே அனுப்ப வழி: "அறைக்குள் ஆள் கூடினால் பதிவுல சத்தம் விழுது, கீழே ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வாங்களேன்" என்று சொல். சின்ன அறையில் நாற்காலி இழுபடுவது, தாள் புரட்டுவது எல்லாம் உண்மையிலேயே விழும், பொய் சொன்னதாக ஆகாது. கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்பாதே, தலைப்பை மட்டும் சொல். பதிவு முடிந்ததும் எதையாவது எடுக்க வேண்டுமா என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள். அந்த உரிமை தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் மனிதர் தாராளமாகப் பேசுவார்.

தமிழில் தொழில்நுட்பம் பேச வராது என்று யாராவது சொன்னால் முத்து நெடுமாறனை நினைத்துக்கொள். 1985-லேயே இங்கே கோலாலம்பூரில், கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சல் என்ற மென்பொருளைச் செய்தவர். 2005 பொங்கலுக்கு சிங்கப்பூரில், கைத்தொலைபேசியில் தமிழ் எழுத அவர் செய்த செல்லினம் வெளிவந்தது. இந்தப் பதிலை நான் செல்லினத்தில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

—

பழைய_டெக்னீஷியன் எழுதியது:

தங்கச்சி, நான் பேட்டி எடுத்த ஆள் இல்லை. பாயான் லெப்பாஸ்ல 1976-லேர்ந்து வேலை பார்த்தவன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்க.

அந்த ஏரியா முன்ன வயல். லிம் சொங் இயூ முதலமைச்சரா இருந்தப்ப, 1972-ல அதைச் சுதந்திர வர்த்தக வட்டாரமா ஆக்கினாங்க. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கர்ட், போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரானிக்ஸ், நேஷனல் செமிகண்டக்டர், இந்த எட்டு கம்பெனிங்களும் முதல்ல வந்ததால எட்டு சாமுராய்னு பேர். எங்கக்கா 1973-ல ஆப்பரேட்டரா சேர்ந்தா. மைக்ராஸ்கோப்ல கண்ணை வெச்சு, சில்லுலேர்ந்து அதோட உலோகக் காலுக்குத் தங்கக் கம்பி ஒட்டணும். முடியைவிட மெல்லிசான கம்பி. வீட்டுக்கு வந்தா கொஞ்ச நேரம் தூரத்துல இருக்கிறது எதுவும் சரியாத் தெரியாதும்பா, வாசல்ல நிக்கிறது அப்பாவா மாமாவான்னு கேப்பா. 1975-ல இன்டெல் கட்டடம் தீப்பிடிச்சு எரிஞ்சப்ப புகை தெரிஞ்சதுன்னு தெருவே வெளியில நின்னது.

இதை ஏன் சொல்றேன்னா, பினாங்குல இன்னைக்கு சோதனை மெஷின், ஆட்டோமேஷன்னு உலகத்துக்கே செஞ்சு அனுப்புற நம்ம ஊர்க் கம்பெனிங்க, 1991-ல ஆரம்பிச்ச பென்டாமாஸ்டர், 2000-ல ஆரம்பிச்ச விட்ராக்ஸ் மாதிரி, எல்லாம் இந்த மண்ணுலேர்ந்து முளைச்சது. வெளிநாட்டுக் கம்பெனி லைன்ல நின்னவங்களும், அவங்களுக்கு ஜிக் (வேலை நடக்கும்போது பாகத்தை அசையாமப் பிடிக்கிற சட்டம்) செஞ்சு கொடுத்தவங்களும், மெஷின் பழுது பார்த்தவங்களும் இருந்ததாலதான் இதெல்லாம் முடிஞ்சது. நீ முதலாளிகிட்ட "ஐடியா எப்படி வந்துச்சு"ன்னு கேட்டா அவர் தன்னைப் பத்தித்தான் சொல்லுவார். "முதல் மெஷினை யார் வாங்கினா? அது நின்னு போனப்ப யார் போய் சரி பண்ணினா?"ன்னு கேளு. மத்த மனுஷங்க தானா உள்ள வருவாங்க.

என் முதலாளி கதையைச் சொல்றேன். சீனர், ஹொக்கியன்காரர், ஒரு பெரிய கம்பெனியில எனக்கு மேல சூப்பர்வைசரா இருந்தவர். தொண்ணூறுகள்ல வெளிய வந்து ஜிக், ஃபிக்சர் செய்யற சின்னப் பட்டறை போட்டார். நானும் கூடவே போனேன். தாய்லாந்துல ஒரு தொழிற்சாலைக்கு முதல் ஆர்டர், 14 ஃபிக்சர். அலுமினியம், தேய்ச்சுப் பளபளன்னு கண்ணாடி மாதிரி. ஒரு கீறல் விழுந்தாலும் திருப்பிடுவான். கூரியர்ல போட எங்களுக்கு பயம். பெட்டிக்குள்ள வைக்கிற ஃபோம் வாங்கக்கூட யோசிச்ச காலம். அவர் அம்மாவோட பழைய பாத்தேக் சாரோங் எல்லாத்தையும் எடுத்து வந்து, ஒவ்வொண்ணையும் குழந்தைக்குத் துணி சுத்தற மாதிரி சுத்தினார். தண்ணியில நூறு தடவை அலசின துணி, அதைவிட மெதுவான துணி கிடையாதுன்னு சொல்லுவார். ப்ரோட்டோன் சாகா டிக்கியில அடுக்கி, ராத்திரி 2 மணிக்குக் கிளம்பி புக்கிட் காயு ஹீத்தாம் போனோம். எல்லையில அதிகாரி ஒரு சாரோங்கைப் பிரிச்சுப் பார்த்தார். முதலாளி ஒண்ணும் பேசலை. அதிகாரி கையெடுத்ததும் தன் சட்டை நுனியால விரல் ரேகையைத் துடைச்சு, அதே மடிப்புல திரும்பச் சுத்தினார். அந்தக் கை நடுங்கினதை நான் பார்த்தேன்.

பதினாலும் பாஸாச்சு. இன்னைக்கு அவர் கம்பெனி அறிமுகப் படத்துல அந்த வருஷத்துக்கு நேரா 'வட்டார விரிவாக்கம்'னு ரெண்டு வார்த்தை போட்டிருக்கு. அவ்வளவுதான். யாரும் அவரைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அதனால என் யோசனை இது: பேட்டிக்கு வரும்போது ஏதாவது ஒரு பழைய பொருளைக் கையோட கொண்டுவரச் சொல்லு. முதல் போர்டு, உடைஞ்ச பார்ட், முதல் ரசீது, எதுவா இருந்தாலும் சரி. கையில பொருள் இருந்தா மனுஷன் படத்துல எழுதினதைப் பேச மாட்டான், பொருளைப் பத்தித்தான் பேசுவான்.

—

மூடிய_கடை எழுதியது:

நான் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். 2016-ல் ஆரம்பித்து 2020-ல் மூடினேன். சாப்பாட்டுக் கடைகள் செலாயாங் மொத்த மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஆர்டர் பண்ணுவதற்கான ஆப். 9 பேர் வேலை பார்த்தோம். என்னையும் மூன்று பேர் பேட்டி எடுத்தார்கள், எல்லாம் நன்றாகப் போன காலத்தில். மூடிய பிறகு ஒருவரும் வரவில்லை. அதனால் என்னிடம் யாரும் கேட்காத கேள்வியை உங்களுக்குத் தருகிறேன்.

"14-ஆம் தேதி ராத்திரி எப்படி இருக்கும்?"

மலேசியாவில் ஆள் வைத்து வேலை வாங்கியவர் யாராக இருந்தாலும் இந்தக் கேள்வி புரியும். சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போட்டாக வேண்டும். இ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமநிதி, 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். மாதம் 5,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) வாங்குகிறவருக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, அவர் சம்பளத்தில் பிடிக்கிற 11 விழுக்காட்டையும் சேர்த்து நாம்தான் கொண்டுபோய்க் கட்டணும். அந்தக் காசு நம்முடையது இல்லை, அவங்க கிழவயசுக்கு உரியது. எனக்குப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார், ஹோட்டல்கள் நடத்துகிறவர். பில் போட்டு 120 நாள் கழித்துத்தான் காசு வரும். மார்க்கெட்டில் கீரை விற்கிற அக்காவுக்கோ நான் அன்றைக்கே கொடுக்கணும், அவர் நாளைக்குச் சரக்கெடுக்க அதுதான் முதல். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். எல்லாரும் என் ஆப் பற்றிக் கேட்டார்கள். என் தொழிலே உண்மையில் அந்த 120 நாளைத் தாங்குவதுதான். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கடைகள் நின்றன, ஹோட்டல் நின்றது, வர வேண்டிய காசும் நின்றது. ஆனால் ஒருவருடைய இ.பி.எஃப்.-பிலும் நான் கைவைக்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதனால் உங்கள் ஆளிடம் நாடு நாடாகக் கேளுங்கள். ஜகார்த்தாவில் பில் போட்டால் எத்தனை நாளில் காசு வரும்? ஹோ சி மின்னில்? சென்னையில்? யார் நேரில் போய் வாங்குவது? ஆசியா முழுக்கத் தொழில் செய்வதென்றால் என்ன என்பது இந்தப் பதில்களில் தெரிந்துவிடும். இங்கே 2012-ல் மைடெக்சி என்று ஆரம்பித்த டாக்சி ஆப் கிராப், முதலிலிருந்தே ரொக்கம் வாங்கியது. கார்டு கார்டு என்றிருந்த ஊபர் 2015-ல்தான் ஹைதராபாத்தில் ரொக்கத்தைச் சோதித்துப் பார்த்தது. 2018-ல் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப்பிடம் கொடுத்துவிட்டுப் போனது. தோற்றதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோஜெக் 2010-ல் ஜகார்த்தாவில் ஆரம்பித்தபோது ஆப்பே கிடையாது. ஒரு கால் சென்டர், 20 மோட்டார் சைக்கிள்காரர்கள். இங்கே வேலை ஆளிலும் காசிலும்தான் ஆரம்பிக்கிறது, அங்கிருந்தே நீங்களும் கேள்வியை ஆரம்பியுங்கள்.

—

அடையாறு_டு_அம்பாங் எழுதியது:

சென்னையிலேர்ந்து கே.எல். (கோலாலம்பூர்) வந்து ஆறு வருஷம் ஆச்சு, சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை. மேல எல்லாரும் நல்லாச் சொல்லியிருக்கீங்க. ஒரு விஷயத்துல மட்டும் நான் ஒத்துக்கலை.

மனப்பாடமாச் சொல்றாங்கன்னாலே உள்ளே ஒண்ணும் இல்லைன்னு எடுத்துக்காதீங்க. கிரீஷ் மாத்ருபூதம் கதையைப் பாருங்க. அமெரிக்காவிலேர்ந்து சென்னைக்கு வீட்டுச் சாமான் அனுப்புறார், டி.வி. உடைஞ்சு வருது. மாசக்கணக்கா மெயில் போடறார், காப்பீட்டுக் காசு வரலை. கடைசியில இது மாதிரி ஒரு மன்றத்துல எழுதறார், உடனே காசு வந்துடுது. வாடிக்கையாளர் கையில இப்ப எவ்வளவு பலம் இருக்குன்னு அதுல புரிஞ்சுது, வாடிக்கையாளர் புகாரைக் கவனிக்கிற மென்பொருளா 2010-ல ஆரம்பிச்ச ஃப்ரெஷ்டெஸ்க்குக்கு அது ஒரு விதைன்னு சொல்லுவார். 2021 செப்டம்பர்ல அமெரிக்காவோட நாஸ்டாக் பங்குச்சந்தை வரைக்கும் போன கம்பெனி. எத்தனையோ மேடையில சொல்லிட்டார். ஆனா டி.வி. உடைஞ்சது உடைஞ்சதுதானே? எத்தனை தடவை சொன்னாலும் அது நிக்குதுன்னா அதுல ஒரு உடைஞ்ச பொருள் இருக்கு. டெக்னீஷியன் ஐயா சொன்னதுதான்.

அதனால மனப்பாடக் கதையை வெட்டாதீங்க. முழுசாச் சொல்ல விடுங்க, அஞ்சு நிமிஷம்தான் ஆகும். சொல்லி முடிச்சதும் அதுக்குள்ளேயே போய், "அந்த டி.வி.யை அப்புறம் என்ன பண்ணினீங்க?"ன்னு கேளுங்க. அந்த இடத்துல புதுசா யோசிச்சே ஆகணும்.

இன்னொரு கேள்வி. வெளியாள் காசு வாங்கினவரா இருந்தா, "காசு வாங்கினதுக்கு அப்புறம் நீங்க தனியா எடுக்க முடியாமப் போன முதல் முடிவு எது?" ஸ்ரீதர் வேம்பு, இப்ப ஜோஹோன்னு பேர் இருக்கிற மென்பொருள் கம்பெனியை 1996-ல ஆரம்பிச்சதுலேர்ந்து வென்ச்சர் காசு வாங்கலை. காலேஜ் போகாத பிள்ளைங்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்ததும், தென்காசிப் பக்கம் கிராமத்துக்கே குடிபோனதும் அவராலயே முடிவு பண்ண முடிஞ்சதுன்னா அதுக்குக் காரணம் அது. காசு வாங்கினது தப்புன்னு சொல்லலை. யார்கிட்டக் கேட்டுட்டு முடிவெடுக்கிறாங்கன்னு தெரிஞ்சா, அந்தக் கம்பெனி ஏன் இந்த நாட்டுக்குப் போச்சு, ஏன் அங்கேர்ந்து வந்துச்சுன்னு புரியும்.

—

பாயான்பாரு_பெண் எழுதியது:

போய்விட்டு வந்துவிட்டேன். திங்கள் ராத்திரி தட்டச்சு முடித்துவிட்டு எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி சொல்ல வார்த்தை வரவில்லை, நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி. மார்க்கெட்டிங் பெண் வந்திருந்தார். அக்கா சொன்ன மாதிரியே பதிவில் சத்தம் விழும் என்று சொன்னேன். அவருக்கும் கீழே போவதில் சந்தோஷம்தான், காலையிலிருந்து சாப்பிடவில்லையாம்.

பழைய பொருள் ஒன்று கொண்டுவரச் சொல்லி முதல் நாளே செய்தி அனுப்பியிருந்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு மூலை பச்சை பூத்திருந்தது. ஒயரை ரப்பர் பேண்டால் சுற்றியிருந்தார், ரப்பரும் காய்ந்து டப்பாவோடு ஒட்டிப்போயிருந்தது. வியட்நாமில் மீன் லாரிக்குள் வைத்த முதல் சென்சார். மீனின் உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கி 9 நாளில் செத்துப்போனது. கோலாலம்பூரில் ஐஸ்கிரீம் லாரியில் மாதக்கணக்காக ஓடிய அதே டப்பா! "ஐஸ் எல்லாம் ஒரே ஐஸ்தான்னு நெனச்சேன்" என்றார். அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். இத்தனை வருடம் கழித்தும் கருவாட்டு வாடை லேசாக இருக்கிறது. ஒரு லாரிக்கார அண்ணன் அந்த டப்பாவை பிளாஸ்டிக் பையில் கட்டி, வாய்க்கு மெழுகு உருக்கி ஊற்றித் திரும்ப மாட்டினாராம். இப்போது விற்கிற கருவியின் மூடி அந்த மெழுகிலிருந்து வந்தது. அந்த அண்ணன் பெயரைத் தமிழ் எழுத்தில் எப்படி எழுதுவது என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தோம்.

காசு வரும் நாள் பற்றிக் கேட்டேன். நாடு நாடாகச் சொன்னார், இருபது நிமிடம் ஓடியது. அதில் தொகைகளை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறார், எடுத்துவிட்டேன். மூடிய_கடை அண்ணா, உங்கள் 14-ஆம் தேதிக் கேள்வியைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டு, "இதை யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றார். சொன்னேன். உங்களிடம் பேசணும் என்கிறார். சம்மதம் என்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

இனி, நான் ரயிலில் வரும்போது முழுக்க நினைத்துக்கொண்டிருந்த இடம். ஜகார்த்தா பற்றிக் கேட்டபோது, "2022-ல நாங்க அங்க பிவட் பண்ணினோம்" என்றார். நான், "அப்படின்னா என்னங்க செஞ்சீங்க?" என்று கேட்டேன். "அதான், ஸ்ட்ராட்டஜியை மாத்தி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். நானும் ஒன்றும் பேசவில்லை. ரெக்கார்டரில் பார்த்தேன், 11 நொடி. கீழே கடையில் யாரோ தட்டு அடுக்குகிற சத்தம் மட்டும் விழுந்திருக்கிறது.

பிறகு சொன்னார். "கிடங்குக்கு ஆள் போட்டு ஒரு வேலை ஆரம்பிச்சேன். அது தப்பு. மூடினேன். 23 பேரை வீட்டுக்கு அனுப்பினேன்." கொஞ்சம் நிறுத்தி, "நேர்ல போகலை. கே.எல்.-லேர்ந்து வீடியோவுல, இங்கிலீஷ்ல சொன்னேன். பாதிப் பேருக்கு இங்கிலீஷ் வராது. மேனேஜர் இந்தோனேசிய பாஷாவுல மாத்திச் சொன்னார். அவர் பேரும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு, அது அவருக்கு அப்பத் தெரியாது."

அவர் போகாததற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஆபீஸைக் காலி பண்ணப் போனபோது வாசல் காவலாளி சாவியை ஓர் உறையில் போட்டு வைத்திருந்தாராம். உறைமேல் 23 பேரும் கையெழுத்துப் போட்டு 'தெரிமா காசே' (நன்றி) என்று எழுதியிருந்தார்கள். அந்த உறை எங்கே என்று கேட்டேன். மேசை டிராயரில் இருக்கிறது என்றார். இன்றைக்கு டப்பாவை எடுப்பதா, உறையை எடுப்பதா என்று காலையில் யோசித்துவிட்டு டப்பாவை எடுத்து வந்தாராம்.

பதிவில் இந்தப் பகுதி இருக்கலாமா என்று அங்கேயே கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நேற்று ராத்திரி செய்தி வந்தது: "இருக்கட்டும். மேனேஜருக்கு முதல்ல ஃபோன் பண்ணிப் பேசிட்டேன்."

இன்னொன்று கவனித்தேன். 'ரன்வே' என்ற சொல் வந்தபோதும் அப்படித்தான் கேட்டேன். "இன்னும் எத்தனை மாசம் எல்லாருக்கும் சம்பளம் கொடுக்கக் காசிருக்கு, அதான்" என்றார். சொல்லிவிட்டு அவரே மெதுவாக இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். முன்பு எடுத்த ஏழு பேரில் இரண்டு பேரிடம் மறுபடி போய் உட்கார அனுமதி கேட்டிருக்கிறேன். டீச்சரம்மாவிடமும் கேட்டிருக்கிறேன், அவர் கணவருக்குச் சம்மதமாம்.

டெக்னீஷியன் அண்ணே, ஒரு வேண்டுகோள். சாரோங் கதையை உங்கள் முதலாளி வாயால் கேட்க முடியுமா? அவர் தமிழ் பேச வேண்டியதில்லை.

—

பழைய_டெக்னீஷியன் எழுதியது:

கேட்டுட்டேன் தங்கச்சி. முதல்ல வேணாம்னார். அம்மா சாரோங் பத்தித்தான் கேக்கப் போறாங்கன்னேன். கொஞ்ச நேரம் ஃபோன்ல சத்தமே இல்லை. அப்புறம் புதன்கிழமை 5 மணிக்கு மேல பட்டறைக்கு வரச் சொன்னார், அதுக்கு முன்ன மெஷின் சத்தத்துல ஒண்ணும் விழாது. அவர் ஹொக்கியன்ல பேசுவார், நான் பக்கத்துல உட்கார்ந்து தமிழ்ல சொல்றேன். மைக் ரெண்டு எடுத்துட்டு வா.